கம்பெனி கைமாறும்போது தொழிலாளியின் கதி என்ன?



வழக்கமாக இந்த மேடையில் நான் கேள்வி கேட்பவன். இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். மாஸ்காம் டிப்ளோமா படித்தவனுக்குச் சட்டத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி இல்லை, அக்கறை உண்டு.

வழக்கறிஞர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கறுப்பு அங்கியும் லைட் ஸ்திரீட் நீதிமன்றமும்தான். ஆனால் நீதிமன்றப் படி ஏறாமலேயே பெயர் வாங்கிய வழக்கறிஞர்கள் உண்டு. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போதும், இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகும்போதும் ஒப்பந்தம் எழுதுபவர்கள் இவர்கள். பினாங்குக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1935இல் இங்கே தொடங்கிய பான் ஹின் லீ வங்கி 2000இல் சதர்ன் வங்கியோடு இணைந்தது. அந்தச் சதர்ன் வங்கியும் 2006இல் இன்றைய சிஐஎம்பி குழுமத்தின் கைக்குப் போனது. வங்கியின் பெயர்ப்பலகை இரண்டு முறை மாறியும் நம் பணம் கணக்கிலேயே இருந்தது. யாரோ சிலர் இரவெல்லாம் விழித்துக் காகிதம் பார்த்ததால்தான் அது நடந்தது.

என்ன காகிதம்? விலைக்கு வரும் நிறுவனத்தின் வங்கிக் கடன், நிலக் குத்தகை, லைசென்ஸ், நிலுவையில் இருக்கும் வழக்கு, ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கின்றனவா என்ற கணக்கு, எல்லாம்தான். பெண் பார்க்கப் போகும் வீட்டில் நாம் விசாரிக்கிறோமே, அதைவிடக் கடுமையான விசாரணை!

இதில் நம் சமுதாயத்துக்கு முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு கம்பெனியை இரண்டு வழிகளில் வாங்கலாம். ஒன்று, அதன் பங்குகளை வாங்குவது. கம்பெனி அப்படியே இருக்கும், அதன் உரிமையாளர் மட்டும் மாறுவார். இன்னொன்று, நிலம், இயந்திரம், வியாபாரம் ஆகியவற்றை மட்டும் வாங்குவது. அப்போது பழைய கம்பெனி ஒரு பக்கம் நிற்கும், சொத்து வேறொருவர் கைக்குப் போய்விடும். முதலாளிக்கு இது வரிக் கணக்கு. தொழிலாளிக்கோ வாழ்க்கைப் பிரச்சினை.

பாயான் லெப்பாஸில் 1972இல் தொடங்கிய ஏஎம்டி தொழிற்சாலையை எடுத்துக் கொள்ளுங்கள். 2016 ஏப்ரலில் பினாங்கு, சுசாவ் ஆகிய இரண்டு தொழிற்சாலைகளின் 85 விழுக்காட்டுப் பங்குகளைச் சீனாவின் நான்தோங் புஜித்சு நிறுவனம் வாங்கியது. ஏஎம்டிக்குக் கிடைத்தது சுமார் 371 மில்லியன் அமெரிக்க டாலர். இது பங்கு விற்பனை. கம்பெனி டிஎஃப்-ஏஎம்டி என்று பெயர் மாறியதே தவிர, சட்டத்தின் பார்வையில் தொழிலாளியின் முதலாளி அதே கம்பெனிதான்.

இப்போது தோட்டப்புறத்துக்கு வாருங்கள். 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் பலர் நிலத்தைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டான தோட்டத்தில் வேலை ஏது, லயத்து வீடு ஏது? ஆயிரக்கணக்கான நம் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அந்த நேரத்தில்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டத்தையே வாங்கினார்கள். அதுவும் ஒரு கையகப்படுத்தல்தான். நம் வரலாற்றின் பெருமைக்குரிய வியாபார ஒப்பந்தம் அது என்றே நான் சொல்வேன்.

இன்றைக்குச் சட்டம் கொஞ்சம் துணைக்கு வருகிறது. 1980ஆம் ஆண்டின் பணிநீக்கச் சலுகை விதிமுறைகளின்படி, வியாபாரம் கைமாறிய ஏழு நாட்களுக்குள் புதிய முதலாளி, பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத வேலையைத் தர முன்வர வேண்டும். ஏற்றுக்கொண்டால் நம் சேவைக் காலம் முறியாது. புதியவர் தர முன்வராவிட்டால் இழப்பீடு கொடுக்கப் பழைய முதலாளியும் புதிய முதலாளியும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இருபது ஆண்டு உழைத்தவருக்கு 400 நாள் சம்பளம் என்று வருகிறது. நியாயமான வேலையைக் கொடுத்தும் காரணமில்லாமல் மறுத்தால் அது கிடைக்காது. அவசரத்தில் கோபப்பட்டு வெளியேறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோருக்குப் பெரும்பாலும் இந்தச் சலுகை இல்லை. அவர்களுக்குக் கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தம்தான் துணை.

கைமாறும் நாளுக்கு முன்பே இந்த இழப்பீட்டை யார் சுமப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதி வைப்பவர், நான் சொன்ன அந்த வழக்கறிஞர். அவர் விற்பவருக்கோ வாங்குபவருக்கோ வேலை செய்பவர், தொழிலாளியின் ஆள் அல்ல. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் லயத்து வீட்டில் பிறந்த ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால், தொழிலாளர் பட்டியலை அவர் கடைசிப் பக்கமாக நினைக்க மாட்டார். என் நம்பிக்கை அது.

பிள்ளைகள் இத்துறைக்கு வரச் சட்டப் பட்டம் வேண்டும். வெளிநாட்டுப் பட்டமென்றால் பெரும்பாலும் சிஎல்பி தேர்வு உண்டு. அதன்பின் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒன்பது மாதப் பயிற்சி. கணக்கு என்றால் ஓடுகிற பிள்ளைக்கு இது சரிப்படாது, ஏனென்றால் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியாமல் இங்கே ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. பெரிய ஒப்பந்தங்கள் கோலாலம்பூரில்தான் அதிகம். பினாங்கில் குடும்பத் தொழில்கள் நிறைய. அப்பா நடத்திய தொழிற்சாலையை எடுத்து நடத்தப் பிள்ளைகள் முன்வராததால் விற்கிறார்கள். அங்கே தொழிலாளர்கள் முப்பது பேர்தான் இருப்பார்கள், ஆனால் ஏழு நாள் விதி அவர்களுக்கும் உண்டு.

என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் இத்துறையில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர். வேலை செய்யும் இடம் கைமாறப் போகிறது என்று கேள்விப்பட்டவர்கள் யாராவது இருந்தால், மைக்கை வாங்கி முதலில் நீங்கள் கேளுங்கள்.