செய்தித்தாளில் நமக்குரிய இடம்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கடந்த 25 ஆண்டுகளாக நமது கழகம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும், தேர்வுக்கு ஆயத்தம் செய்யவும், கல்லூரிக் கட்டணத்துக்கு வழி தேடவும் உழைத்து வந்திருக்கிறது. அதன் பயனாக நமது இல்லங்களில் செய்தித்தாள் படிப்போர் பெருகியுள்ளனர். இனி நாம் எழுப்ப வேண்டிய வினா ஒன்று உண்டு. நாம் படிக்கும் செய்தியில் நாம் எவ்வாறு காட்டப்படுகிறோம்? அச்செய்தியை எழுதுவோரிடையே நம்மவர் உளரா?

நமது பெரும்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். கூவம், அடையாறு ஆகிய ஆறுகளின் கரைகளிலிருந்தும் நகரின் பிற பகுதிகளிலிருந்தும், குறிப்பாக 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின், ஏழை மக்கள் இங்குக் கொண்டுவரப்பட்டனர். எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. பிழைப்பு நகரில் இருக்க, குடியிருப்பு மட்டும் இங்கு வந்தது. வேலையிழந்த தாய்மார்களைப் பற்றியும், பள்ளி மாறியதால் படிப்பை விட்ட சிறுவர்களைப் பற்றியும் பொறுப்புடன் எழுதிய செய்தியாளர்கள் உண்டு. அவர்களுக்கு நன்றி கூறுவோம். ஆயினும் பெரும்பாலும் நமது ஊர்ப்பெயர் ஏட்டில் ஏறுவது குற்றச் செய்தியில்தான். வேறோர் இடத்தில் ஒருவன் திருடினால் அது அவன் குற்றம். நமது குடியிருப்பில் ஒருவன் திருடினால் அது குடியிருப்பின் குற்றமாகிவிடுகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் தமது முகவரியைச் சொல்லத் தயங்கும் நிலை இதனால் விளைந்ததே.

‘செய்திக்குச் சாதி ஏது?’ என்று சிலர் கேட்பர். செய்திக்குச் சாதி இல்லாதிருக்கலாம். எது செய்தி, எது தலைப்பு, எது முதற்பக்கம் என்று முடிவு செய்வோர் சமூகத்திலிருந்துதானே வருகின்றனர்! 1996ஆம் ஆண்டு பி. என். உனியால் என்னும் பத்திரிகையாளர், தலைநகர்ச் செய்தியாளரிடையே ஒரு தலித்தையேனும் காண முயன்று, காண இயலாமற்போனதை ‘பயனீர்’ நாளேட்டில் எழுதினார். 2006இல் தில்லியைச் சேர்ந்த 37 செய்தி நிறுவனங்களில் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்த 315 பேரைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுள் தாழ்த்தப்பட்டோரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் வெளியிட்ட ஆய்வில் 121 தலைமைப் பதவிகளுள் 106 உயர் சாதியினரிடம் இருந்தன. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் கையில் ஒன்றுகூட இல்லை.

இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நகரங்களில் கலவரங்கள் மூண்டபின் அமைக்கப்பட்ட கெர்னர் ஆணையம் 1968இல் தன் அறிக்கையை அளித்தது. அந்நாட்டுப் பத்திரிகைகள் வெள்ளையரின் கண்கொண்டே உலகைப் பார்க்கின்றன என்று அது கண்டித்தது. செய்திப் பணியில் கறுப்பின மக்கள் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை என்றும் சுட்டிக்காட்டியது. மக்கள்தொகைக்கு ஏற்பச் சிறுபான்மை இனத்தவர்க்கு இடமளிப்பதென 1978இல் ஆசிரியர் சங்கத்தினர் உறுதி பூண்டு, 2000ஆம் ஆண்டை எல்லையாக வைத்தனர். அவ்வாண்டில் அக்குறி எட்டப்படவில்லை. எனினும், ஆண்டுதோறும் எண்ணிக்கை எடுத்து வெளியிடும் வழக்கம் அங்கு ஏற்பட்டது. எண்ணப்படாத குறை தீர்க்கப்படாது என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

நாம் பிறரைப் பார்த்துத்தான் கற்க வேண்டும் என்பதில்லை. நமது செங்கற்பட்டு மண்ணில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893ஆம் ஆண்டிலேயே ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். இழிவென்று பிறர் வீசிய பெயரையே இதழின் பெயராக ஏற்று, ஏழாண்டுகள் நடத்தினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். அது பின்னர் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றுக் கோலார் தங்கவயல் தொழிலாளர் வரை சென்றது. 1920இல் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். கோலாப்பூர் சாகு மகாராசர் அதற்குப் பொருளுதவி செய்தார். வாயற்றோர் என்று கருதப்பட்ட மக்களுக்கு வாயாக இருப்பதே அதன் நோக்கம். செல்வமும் அச்சகமும் குறைந்த அக்காலத்தில் அவர்கள் எழுதினார்கள். பட்டம் பெற்ற நாம் எழுதாதிருப்பது தகுமா?

ஆகவே இளைஞர்களுக்கு மூன்று கடமைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, கவனித்துப் பதிவு செய்க. நமது பகுதியைப் பற்றி வரும் செய்திகளைத் தேதியிட்டு வெட்டி ஒட்டி வையுங்கள். ஓராண்டில் எத்தனை செய்தி குற்றம் பற்றியது, எத்தனை கல்வி பற்றியது என்று எண்ணுங்கள்.

இரண்டாவது, தவறு கண்டால் முறைப்படி எதிர்த்து எழுதுக. ஒருவரை இழிவுபடுத்தும் வகையில் சாதி அடையாளம் கூறலாகாது என்பது இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறி. முதலில் ஆசிரியருக்கு எழுதவேண்டும்; பயனில்லையேல் கவுன்சிலுக்கு முறையிடலாம். நாளேடாயின் செய்தி வெளியான இரண்டு மாதங்களுக்குள் முறையீடு சேரவேண்டும். அதற்குத் தண்டம் விதிக்கும் அதிகாரம் இல்லை. எச்சரிக்கவும் கண்டிக்கவும் அதிகாரம் உண்டு. அக்கண்டனமும் ஏட்டில் நிற்கும்.

மூன்றாவது, அத்தொழிலுக்கே செல்க. மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் ஆகவேண்டும் என்று பிள்ளைகளிடம் கூறும் நாம், செய்தியாளர் ஆகு என்றும் கூறுவோம். அதற்கான கல்விக்கு உதவித்தொகை அளிப்பதையும், படிப்பகத்தில் மாதமொரு கையெழுத்து இதழ் நடத்துவதையும் நமது கழகம் மேற்கொள்ள வேண்டுமென இவ்விழாவில் வேண்டுகிறோம்.

நாம் இரக்கத்தைக் கேட்கவில்லை; புகழுரையையும் கேட்கவில்லை. நம்மில் தவறு செய்தவனை எழுதுக, பெயர் சொல்லியே எழுதுக. ஆனால் உழைப்பவரையும் எழுதுக. எழுதும் மேசையில் நமக்கும் ஓர் இருக்கை தருக. இதுவே நாம் கேட்கும் நீதி. அவ்விருக்கையில் அமரத் தகுந்த கல்வியை நம் பிள்ளைகளுக்கு அளிப்பதே கழகத்தின் அடுத்த 25 ஆண்டுப் பணியாகுக!