சமயம் ஏணியன்று

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

     

பல சமயத்தார் கூடி வாழும் நாட்டில், இஸ்லாத்தின் பெயரை அரசியல் அதிகாரத்திற்குக் கருவியாக்குவதால் விளையும் கேடு யாது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். இந்து இளைஞர் மேடையில் இப்பொருள் எதற்கு என்று சிலர் ஐயுறலாம். இதைச் சாட்டாக வைத்து முஸ்லிம்களை நாலு வார்த்தை ஏசுவார்கள் என்று வேறு சிலர் எதிர்பார்த்து வந்திருக்கவுங் கூடும். இரு சாராரும் பொறுத்தருள்க. கேட்டைக் கேடு என்று சொல்லாமல் வாய்மூடி இருப்பதும் தவறு. ஒருவன் செய்த கேட்டை அவன் பிறந்த சமூகம் முழுவதன் தலையிலும் சுமத்துவதும் தவறு. இவ்விரண்டிற்கும் நடுவே செல்லும் ஒடுங்கிய பாதையையே நாம் தேடுகின்றோம்.

நாம் வாழும் கினிகத்தேனை எத்தகைய ஊர் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். இங்கிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் வழியாக மஸ்கெலியாவுக்குச் செல்லும் பாதை சிவனொளிபாத மலையின் அடிவாரத்திற்கே போய்ச் சேருகின்றது. அம்மலையின் உச்சியிலுள்ள சுவட்டைச் சிவபெருமானின் பாதம் என்று நாம் வணங்குகின்றோம். புத்தபிரானின் பாதம் என்று பௌத்தர் தொழுகின்றனர். ஆதி பிதா ஆதமின் அடி என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. புனித தோமையாருடன் அதனைத் தொடர்புபடுத்தும் கிறிஸ்தவரும் உளர். 1344ஆம் ஆண்டிலே இபுனு பத்தூத்தா என்னும் முஸ்லிம் யாத்திரிகர் அம்மலையேறி, தாம் கண்டதை எழுதியும் வைத்தார். ஒரே மலை, ஒரே படி, ஏறுவோர் நாவில் நாமங்கள் மட்டுமே வேறு.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இந்நாட்டில் நூற்றுக்கு 70 பேர் பௌத்தர். 12 பேருக்குச் சற்று மேற்பட்டோர் இந்துக்கள். 10 பேருக்குச் சற்றுக் குறைந்தோர் முஸ்லிம்கள். 7 பேருக்கு மேல் கிறிஸ்தவர். இத்தகைய நாட்டில் எந்தச் சமயமாயினும் அரசியல்வாதியின் கைக்கருவியாகிவிட்டால், கடைவீதியில் ஒருவரை ஒருவர் முகம் பார்த்துச் சிரிப்பதுங்கூட அரிதாகிவிடும்.

அன்பர்களே! சமயத்தைப் பின்பற்றுவது வேறு. சமயத்தைப் பயன்படுத்துவது வேறு. பின்பற்றுவோன் தன்னைத் திருத்திக்கொள்ள முயல்கின்றான். பயன்படுத்துவோனோ பிறரை அடக்க முயல்கின்றான். அவன் கையாளும் சூழ்ச்சி எளிதானது. தனக்கும் கடவுளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அவன் மறைத்துவிடுகின்றான். அப்பால் அவனை எதிர்ப்பவன் எவனும் கடவுளை எதிர்ப்பவன் ஆகிவிடுகின்றான்.

இச்சூழ்ச்சியைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் ஒன்று அயல் நாடாகிய பாகிஸ்தானில் உண்டு. 1977 ஜூலை 5இல் இராணுவத் தளபதி ஸியா உல் ஹக் ஆட்சியைக் கைப்பற்றினார். 90 நாட்களில் தேர்தல் என்று அவர் கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை. 1984 டிசம்பர் 19இல் மக்கள் தீர்ப்பு ஒன்றை நடத்தினார். நாட்டின் சட்டங்களை இஸ்லாமிய நெறிக்கு இசைவாக்கும் முயற்சியை ஏற்கின்றீர்களா என்பதே வினாவின் சாரம். ஆம் என்று விடை வந்தால், அவரே மேலும் ஐந்தாண்டுகளுக்கு ஜனாதிபதி என்று பொருளாம்! இல்லை என்று வாக்களிக்க எந்த முஸ்லிமுக்குத் துணிவு வரும்? நூற்றுக்கு 97க்கு மேல் ஆம் என்று முடிவு அறிவிக்கப்பட்டது. கேட்டது மார்க்கத்தைப் பற்றி, கிடைத்தது நாற்காலி.

அதனால் மார்க்கமாவது வளர்ந்ததா? 1980இல் ஸக்காத் என்னும் தருமத்தை அரசே வங்கிக் கணக்கிலிருந்து கழிக்கத் தொடங்கியதும், இது எங்கள் முறையன்று என்று ஷியா முஸ்லிம்கள் இஸ்லாமாபாத்தில் திரண்டனர். அவர்களுக்கு விலக்களிக்க வேண்டியதாயிற்று. அரசு மார்க்கத்தைக் கையிலெடுத்த மாத்திரத்தில், எவருடைய மார்க்கம் என்ற கேள்வி எழுந்துவிட்டது. பின்வந்த ஆண்டுகளில் பள்ளிவாசலுக்குள்ளேயே முஸ்லிமை முஸ்லிம் கொல்லும் கொடுமையை அந்நாடு கண்டது.

ஈராக்கிலே நடந்தது இன்னும் வெளிப்படையானது. 2014 ஜூலையில் மோசூல் நகரின் அந்நூரி பள்ளிவாசலில் ஏறி நின்று ஒருவன் தன்னை உலக முஸ்லிம்களின் கலீபா என்று கூறிக்கொண்டான். 2017 ஜூன் மாதம், தோற்றோடும் வேளையில், அதே பள்ளிவாசலை அவனுடைய ஆட்களே வெடிவைத்துத் தகர்த்தார்கள். கொள்கைக்காகப் பள்ளிவாசலுக்குள் வந்தவராயின் அதனை இடிக்க மனம் வருமா? ஏணியாகக் கொண்டவனுக்கே காரியம் முடிந்ததும் அதனை உதைத்துத் தள்ள மனம் வரும்.

இனி எமது நாட்டிற்கு வருவோம். காத்தான்குடியில் பிறந்த ஸஹ்ரான் ஹாஷிம் என்பவன் பேச்சு வன்மை ஒன்றையே மூலதனமாகக் கொண்டு ஓர் அமைப்பை நடத்தினான். 2015 பொதுத் தேர்தலில் வேட்பாளர்கள் அவனோடு உடன்பாடு செய்துகொண்டனர் என்ற செய்தி, பின்னர் பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முன்னிலையிலேயே வெளிவந்தது. மார்க்கத்தின் பெயரால் பேசுபவனுக்கு அரசியல்வாதி தலைகுனிந்தால், அவனுடைய செருக்கு எங்கே போய் நிற்கும்?

அவன் முதலில் பகைத்தது எம்மையன்று, கிறிஸ்தவரையுமன்று. தன் ஊர் முஸ்லிம்களையே பகைத்தான். சூபி நெறியைப் பின்பற்றுவோர் உண்மை முஸ்லிம்களல்லர் என்று தூற்றினான். 2017 மார்ச்சில் காத்தான்குடியில் அவர்களோடு கைகலப்பு மூண்டது, வாள்வீச்சும் நிகழ்ந்தது. அதன்பின் அவன் தலைமறைவானான். அவனைப் பற்றி முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். 2018 டிசம்பரில், எமக்கு அதிக தொலைவில்லாத மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அதன் விசாரணைக்குத் துணைநின்ற அவ்வூர் முஸ்லிம் ஒருவர் 2019 மார்ச்சில் தம் வீட்டிலேயே சுடப்பட்டார். இச்செய்தியை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கின்றோம்?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் இறந்தவருள் பலர் ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற சிறு பிள்ளைகள். கொலைஞரின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று இந்நாட்டு உலமாக்களின் சபை அறிவித்தது. ஐந்து நாட்களின் பின், சாய்ந்தமருதில் ஒளிந்திருந்த கூட்டத்தைப் பற்றித் துப்புக் கொடுத்தவர்களும் அவ்வூர் முஸ்லிம் மக்களே.

முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும் ஆட்சியாளர் அசட்டையாக இருந்தனர். 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. உயர் அதிகாரிகள் நால்வருக்கும் கட்டளை பிறந்தது.

ஆனால் குண்டு வைத்தவர்களுக்கும் அசட்டையாக இருந்தவர்களுக்குமாகச் சேர்த்துத் தண்டனை பெற்றவர்கள் யார்? குற்றமற்ற முஸ்லிம் ஏழைகள். 2019 மே மாதம் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் அவர்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. முஸ்லிம் கடையில் சாமான் வாங்காதீர்கள் என்ற பிரசாரம் ஊரூராய்ப் பரவிற்று. 2020இல் கொரோனா நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைப் புதைக்கவிடாமல் எரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று கூறியிருந்தும் கேட்கவில்லை. பிறந்து இருபது நாளேயான குழந்தையின் உடலையும், பெற்றோரின் விருப்பத்திற்கு மாறாக எரித்தார்கள். பொரளை மயானத்து வேலியில் அக்குழந்தைக்காக வெள்ளைத் துணி கட்டிச் சென்றவர்களுள் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர். 2021 பெப்ரவரியில் அத்தடை நீங்கியது. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. வெந்த சாம்பலுக்கு மன்னிப்பு எதற்கு உதவும்?

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றே. சமயத்தை அதிகாரத்திற்கு ஏணியாக்குபவன் தன் சமயத்தாருக்கே முதற் பகைவன். அவன் மூட்டும் தீ பிறர் வீட்டைச் சுட்டுவிட்டு, திரும்பித் தன் இனத்தார் கூரையிலேயே வந்து பற்றுகின்றது.

இது இஸ்லாத்திற்கு மட்டும் உரிய குற்றமா? அல்லவே அல்ல. மார்க்கத்தை எவர்மீதும் திணித்தலாகாது என்பது அவர்களது மறையிலேயே உள்ள போதனை. 1956இல் பிக்குமாரின் துணையோடு எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா ஆட்சிபீடம் ஏறினார். 1959 செப்டெம்பர் 25இல் அவரைச் சுட்டவர் ஒரு பிக்கு. அச்சதிக்குத் தலைமை தாங்கியவர், அவரது வெற்றிக்கு உழைத்த களனி விகாரையின் தலைமைப் பிக்கு. 1927இல் மலைநாட்டிற்கும் வந்து சென்ற காந்தியடிகளை 1948 ஜனவரி 30இல் சுட்டவன் முஸ்லிமும் அல்லன், கிறிஸ்தவனும் அல்லன்; கைகூப்பி வணங்கிய ஓர் இந்து. தமிழரின் விடுதலை என்ற பெயரால் 1990 ஆகஸ்ட் 3இல் அதே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில், தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் விரட்டப்பட்டனர். பிறர் முகத்துக் கறையைச் சுட்டும் விரல் எமது முகத்தையும் தொட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

இளைஞர்களே! மலைநாட்டுத் தமிழராகிய எமக்கு இவ்விடயத்தில் இன்னொரு கடமையும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை ஒரே எழுத்தில் அந்நியராக்கியது. கொழுந்து பறித்த கை அப்படியே இருந்தது. நாடுதான் இல்லாமற் போயிற்று. ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகக் கண்ணோடு நோக்கும்போது அது எவ்வாறு சுடும் என்பதை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கஷ்ட காலத்தில் எமது பாட்டன்மாருக்குக் கடன் கொப்பியில் எழுதி அரிசியும் மாவும் கொடுத்த நானா கடைகள் இம்மலைநாட்டில் எத்தனை இருந்தன! அக்கடையைப் புறக்கணிக்கச் சொல்லி எவனாவது துண்டுப் பிரசுரம் நீட்டினால், அதனைக் கிழித்தெறியும் கை எமது கையாக இருக்கட்டும்.

எனினும் பெரிய சோதனை எமது வாசலிலேயே காத்திருக்கின்றது. தேர்தல் வந்ததும் தோட்டத்துக் கோயிலுக்குக் கூரைத் தகரம் வருகின்றது, ஒலிபெருக்கி வருகின்றது, கதிரைகள் வருகின்றன. அவற்றின் பின்னால் வேட்பாளரும் வருகின்றார். பூரண கும்பம் வைத்து, பொன்னாடை போர்த்தி, மாரியம்மனின் சந்நிதியிலே அவரைப் பேசவும் விடுகின்றோம். அவர் போன பின் லயத்துக் கூரை ஒழுகுவது நிற்பதில்லை. பிள்ளைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர் வருவதுமில்லை. தகரத்தை வாங்கிக்கொண்டு தட்டிக்கேட்கும் உரிமையைக் கொடுத்துவிட்டோமே! இன்று தகரம் கொடுப்பவர், நாளை இந்துக்களுக்கு ஆபத்து என்று அதே மேடையில் நின்று முழங்கினால், இறங்குங்கள் என்று சொல்ல எமக்கு வாய் வருமா? காத்தான்குடியில் அன்று குனிந்தவர்கள் வேட்பாளர்கள். இங்கே குனிவது நாம். வேற்றுமை அவ்வளவே.

ஆகவே எமது சங்கம் மூன்று விடயங்களை மனத்திற் கொள்ள வேண்டுமென்று தாழ்மையுடன் வேண்டுகின்றோம். ஒன்று, கோயில் மண்டபத்தில் எக்கட்சியாருக்கும் பேச்சு மேடை இல்லை. வணங்க வருவோர் வரட்டும். திருநீறு பெற்றுச் செல்லட்டும். வாக்குக் கேட்க வாசிகசாலையோ விளையாட்டு மைதானமோ போதும். இரண்டு, மார்க்கத்தின் பெயரால் எவரும் கொதித்தெழச் சொன்னால், சம்பளம், காணி, வீடு, பள்ளிக்கூடம் ஆகிய நான்கையும் பற்றி அவரிடம் முதலிற் கேட்போம். மூன்று, ஊரில் ஏதும் வதந்தி கிளம்பினால், கைத்தொலைபேசியில் அதனைப் பிறருக்கு அனுப்பும் முன், பள்ளிவாசற் பெரியவரிடமும் விகாரைப் பிக்குவிடமும் நேரிற் சென்று விசாரிப்போம். மாவனல்லையிலும் சாய்ந்தமருதிலும் துணிந்து உண்மையைச் சொன்ன முஸ்லிம்கள் தமது சமயத்தைக் காத்தார்கள். நாளை எமது சமயத்தின் பெயரால் எவனாவது பொய் பேசினால், எழுந்து மறுக்கும் முதற் குரல் இச்சங்கத்து இளைஞனின் குரலாக இருத்தல் வேண்டும். அதுவே நாம் சைவத்திற்குச் செய்யும் பெருந்தொண்டு.

மலையுச்சியிலே உள்ள பாதச் சுவடு எவருக்கு உரியது என்று இத்தனை நூற்றாண்டாகியும் எவரும் முடிவு கண்டதில்லை. அதற்காக எவரும் ஏறாமல் நின்றதுமில்லை. முன்னே செல்பவர் களைத்து நின்றால், எந்தச் சமயத்தவர் என்று கேளாமல் கைகொடுத்து ஏற்றுவதே அம்மலையின் வழக்கம். அவ்வழக்கம் கீழே எமது ஊரிலும் நிலைப்பதாக!