வழக்கறிஞனை வளர்ப்பது யார்? நைரோபி சொல்லும் பாடம்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

'சட்டம் படியுங்கள்' என்று மேடைதோறும் சொல்கிறோம். நீங்களும் கேட்கிறீர்கள். படித்து முடித்த பையன் அதன் பிறகு என்ன ஆகிறான் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. இன்று அதைத்தான் பேசப் போகிறேன். அதற்காக உங்களை ஆப்பிரிக்காவில் ஒரு தலைநகரத்திற்கு அழைத்துச் செல்கிறேன். கென்யாவின் தலைநகர் நைரோபி.

ஏன் நைரோபி? கென்யாவில் 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் 100க்கு சுமார் 11 பேர். சிறுபான்மையினர். நைரோபியில் அவர்கள் பெரும்பாலும் கடை கண்ணி என்று வாழ்பவர்கள். நகரின் நடுவே ஜாமிஆ பள்ளிவாசல். சற்று நடந்தால் ஜவுளிக் கடைகள் நிறைந்த பியாஷரா தெரு. கிழக்கே சோமாலிய வணிகர்களின் ஈஸ்ட்லே. நம் கதைக்கும் அவர்கள் கதைக்கும் அதிக தூரமில்லை.

சொல் நம்முடையது

சுவாஹிலி மொழியில் வழக்கறிஞருக்கு 'வகிலி' என்று பெயர். சட்டத்திற்கு 'ஷெரியா'. நீதிமன்றத்திற்கு 'மஹகாமா'. மாஜிஸ்திரேட்டுக்கு 'ஹாகிமு'. உரிமைக்கு 'ஹகி'. எல்லாம் அரபியிலிருந்து போன சொற்கள். நாம் மட்டும் என்ன? வக்கீல், வக்காலத்து, தாவா, ஜாமீன், ஜப்தி, முன்சீப், வாரிசு, அசல், நகல். கோர்ட்டு வாசலில் புழங்கும் பாதிச் சொற்கள் அரபிதான்.

சொற்கள் நம்முடையவை, சகோதரர்களே! அந்தச் சொற்களுக்குரிய நாற்காலிகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்?

எட்டு ஆண்டுப் பொறுமை

நைரோபியில் ஒருவர் வழக்கறிஞர் ஆவது எப்படி? முதலில் 4 ஆண்டு சட்டப் படிப்பு. 1970ல் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை தொடங்கியது. இன்று அரசும் தனியாரும் நடத்தும் பல பல்கலைக்கழகங்கள் பட்டதாரிகளை அனுப்பிக் கொண்டிருக்கின்றன. பட்டம் வாங்கியதும் கறுப்பு அங்கி கிடைத்துவிடாது. கென்யா சட்டப் பள்ளியில் தொழிற்பயிற்சி. அதற்கு 9 பாடங்கள்: சிவில் வழக்கு, கிரிமினல் வழக்கு, சொத்து மாற்றம், வாரிசுச் சொத்து நிர்வாகம், பத்திரம் எழுதுதல், தொழில் ஒழுக்கம் என்று. கெட்டிக்காரப் பிள்ளைகளே இந்தத் தேர்வில் தடுமாறித் திரும்பத் திரும்ப எழுதுவது அங்கே சாதாரணம். பிறகு ஒரு வழக்கறிஞரின் கீழ் 6 மாதப் பயிற்சி. அதன்பின் தலைமை நீதிபதிக்கு மனுச் செய்து, உறுதிமொழி எடுத்து, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். தொழில் நடத்த ஆண்டுதோறும் சான்று புதுப்பிக்க வேண்டும்.

அப்போதாவது சொந்தப் பலகை மாட்டலாமா? முடியாது. அந்நாட்டு வழக்கறிஞர் சட்டத்தின் 32ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரிடமோ, அட்டர்னி ஜெனரல் அலுவலகம் போன்ற இடங்களிலோ 2 ஆண்டுகள் முழுநேரச் சம்பளத்தில் வேலை பார்த்தவர்தான் தனியாகத் தொழில் தொடங்கலாம்.

கூட்டிப் பாருங்கள். பள்ளிப் படிப்பை முடித்த பையன் தன் பெயரில் பலகை மாட்ட ஏறக்குறைய 8 ஆண்டுகள். மூத்த வழக்கறிஞர் என்ற சிறப்பு நிலைக்குக் குறைந்தது 15 ஆண்டுத் தொழில் வேண்டும்.

மத்ரஸாவில் ஓதியவன் என்ற முறையில் எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. உஸ்தாதின் முன் ஆண்டுக்கணக்கில் மண்டியிட்டு அமர்ந்தவர்தான் மிம்பரில் நிற்கிறார். கிதாபைக் கையில் வாங்கிய அன்றே ஃபத்வா கொடுப்பவரை யாரும் மதிப்பதில்லை. ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? 'இவன் கூடப் படித்தவன் துபாய்க்குப் போய்ப் பணம் அனுப்புகிறான். இவன் இன்னும் கோட்டு மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் காசு கேட்கிறான்' என்று மூன்றாம் ஆண்டிலேயே குரல் கிளம்புகிறது. ஐந்தாம் ஆண்டில் பையன் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். பட்டம் சுவரில் தொங்குகிறது.

கடைத்தெருவில் கிடக்கும் வேலை

கென்ய வழக்கறிஞர்களில் பெரும்பகுதியினர் நைரோபியிலேயே குவிந்திருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களும் வங்கிகளும் பழைய, பெரிய சட்ட அலுவலகங்களுக்குத்தான் போகும். ஆள் வைத்துக் கட்சிக்காரர் பிடிப்பது சட்டப்படி குற்றம். விளம்பரத்திற்கு இருந்த முழுத் தடையை 2012ல் அங்குள்ள உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது என்றாலும், விதிகளுக்குள்தான் விளம்பரம் செய்யலாம். பின் புதியவனை யாருக்குத் தெரியும்?

இங்கேதான் கடைத்தெரு வருகிறது. நைரோபியில் ஒரு கடைக்காரர் வாய்ப்பேச்சாக, எழுத்தில்லாமல் வாடகைக்கு இருக்கிறார் என்று வையுங்கள். அல்லது 5 ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தம் போட்டிருக்கிறார். 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. உரிமையாளர் நினைத்த மாத்திரத்தில் வாடகையை ஏற்றவோ வெளியேற்றவோ முடியாது. உரிய படிவத்தில் குறைந்தது 2 மாத நோட்டீஸ் தர வேண்டும். வாடகைதாரர் ஏற்காவிட்டால் வணிகக் கட்டட வாடகைத் தீர்ப்பாயத்திற்குப் போகலாம். இந்தச் சட்டம் தெரியாத கடைக்காரர் நோட்டீஸைப் பார்த்ததும் சரக்கை மூட்டை கட்டுவார். தெரிந்த ஒரு இளம் வழக்கறிஞர் பக்கத்தில் இருந்தால் கடை நிலைக்கும்.

வரவேண்டிய பாக்கியும் அப்படித்தான். 2016ல் சட்டம் இயற்றி, 2021ல் நைரோபி மிலிமானியில் சிறு வழக்கு நீதிமன்றம் திறந்தார்கள். 10 லட்சம் ஷில்லிங் வரையிலான வழக்குகளை 60 நாட்களில் முடிக்க வேண்டும் என்பது அதன் விதி. பெரிய அலுவலகங்கள் இத்தகைய வழக்கை ஏறெடுத்தும் பார்க்காது. புதிய வழக்கறிஞருக்கு அதுதான் பயிற்சிக்களம். சிறிய பாக்கியை வசூலித்துக் கொடுத்தவரிடம் நாளை பெரிய பத்திரத்தைத் தயங்காமல் கொடுக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2008ல் கென்யாவில் கல்ஃப் ஆப்பிரிக்கன் வங்கி போன்ற வட்டியில்லா வங்கிகள் செயல்படத் தொடங்கின. முராபஹா, இஜாரா ஒப்பந்தங்களை நாட்டின் சட்டத்திற்கும் ஷரீஅத்திற்கும் பொருந்த எழுத வேண்டும். ஃபிக்ஹும் சட்டமும் இரண்டும் தெரிந்தவருக்கு இங்கே தனி இடம் உண்டு. ஆலிம் படிப்பு முடித்த இளைஞர்களே, இது உங்கள் காதில் விழட்டும்!

'நம்ம பையன் தானே!'

வணிகப் பெருமக்களே, கோபித்துக் கொள்ளாதீர்கள். பெரிய வழக்கு வந்தால் பெரிய வக்கீலிடம் போகிறோம். கேட்ட ஃபீஸைக் கொடுக்கிறோம். சின்னப் பத்திரம் என்றால் மட்டும் நம் பையனைக் கூப்பிடுகிறோம். வேலை முடிந்ததும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, 'நம்ம பையன் தானே, பிறகு பார்க்கலாம்' என்கிறோம்.

கென்யாவில் வழக்கறிஞர் ஃபீஸுக்கு அரசாணை உண்டு. அதில் குறித்த அளவுக்குக் கீழே வாங்க ஒப்புக்கொண்டால் வழக்கறிஞர் மீது ஒழுங்கு நடவடிக்கை வரும். அங்கே 'சும்மா எழுதிக் கொடு' என்று கேட்பவர் பையனைச் சட்டம் மீறச் சொல்கிறார். நம் ஊரில் ஃபீஸ் முறை வேறாக இருக்கலாம். உழைத்தவனின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்ற நபிவழி எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

காஜியும் வக்கீலும்

'நமக்குத்தான் காஜி இருக்கிறாரே, வக்கீல் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. கென்யாவின் வரலாறு பதில் சொல்கிறது.

அங்கே வாரிசுரிமைச் சட்டம் 1972ல் இயற்றப்பட்டு 1981ல் நடைமுறைக்கு வந்தது. எல்லோருக்கும் ஒரே பங்கீடு. முஸ்லிம்கள் எதிர்த்தார்கள். 1990ல் திருத்தம் வந்து, முஸ்லிமின் சொத்து ஷரீஅத்படி பங்கிடப்படும் என்று ஆயிற்று. ஒன்பது ஆண்டுப் போராட்டம்!

அடுத்தது காஜி நீதிமன்றம். 2010 மே மாதம் உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், அப்போதைய அரசியல் சட்டத்தில் காஜி நீதிமன்றத்திற்கு இடமளித்த பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் 4 வாக்கெடுப்பில் மக்கள் புதிய அரசியல் சட்டத்தை ஏற்றார்கள். அதன் 170ஆம் பிரிவில் காஜி நீதிமன்றம் இடம் பெற்றது. திருமணம், தலாக், வாரிசுரிமை, தனிநபர் நிலை ஆகியவற்றில், இரு தரப்பும் முஸ்லிம்களாக இருந்து சம்மதித்தால் காஜி விசாரிக்கலாம்.

காஜியின் தீர்ப்பின் மீது மேல்முறையீடு எங்கே போகிறது? உயர் நீதிமன்றத்திற்கு. அங்கே ஷரீஅத்தை எடுத்துச் சொல்ல வேண்டியவர் வழக்கறிஞர். கிதாபும் தெரிந்து, சட்டமும் தெரிந்து, அந்த மன்றத்தின் மொழியும் தெரிந்தவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் காஜியின் நியாயம் மேல் கோர்ட்டில் ஊமையாகிவிடும்.

அப்படிப்பட்டவர்கள் அந்த நாட்டில் வந்திருக்கிறார்கள். அப்துல் மஜீத் காக்கர் 1994 முதல் 1997 வரை கென்யாவின் தலைமை நீதிபதி. சோமாலிய இனத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் முஹம்மது இப்ராஹீம், 1990ல் ஒரு கட்சி ஆட்சியின் அடக்குமுறையில் சிறை வைக்கப்பட்டவர். 2003ல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 2011ல் அமைந்த உச்ச நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளில் ஒருவரானார். சிறையிலிருந்து உச்ச நீதிமன்றம்! அவசரக்காரர்கள் நடக்கும் பாதையா இது?

பெண் பிள்ளைகளையும் மறக்காதீர்கள். 2004ல் யாஷ் பால் கை விலகிய பின், அரசியல் சட்ட மறுஆய்வு ஆணையத்தின் தலைமைக்கு வந்தவர் அபிதா அலி அரோனி என்ற முஸ்லிம் பெண் வழக்கறிஞர். பிறகு நீதிபதியானார். மஹர் பாக்கியையும் கணவனின் கொடுமையையும் ஒரு பெண் யாரிடம் கூச்சமின்றிச் சொல்வாள்? உங்கள் மகள் அந்த நாற்காலியில் இருந்தால், ஊரின் எத்தனையோ பெண்களுக்கு நீதியின் கதவு திறக்கும்.

நாவன்மையும் நெருப்பும்

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. வாதத் திறமையால் பிறருடைய உரிமையைத் தன் பக்கம் தீர்ப்பாக்கிக் கொள்பவர் நெருப்புத் துண்டை எடுத்துச் செல்கிறார் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பெற்றோருக்கு எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்பது அன்னிஸா அத்தியாயத்தின் கட்டளை.

கட்சிக்காரர் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், தன் பணத்தோடு கலக்கக் கூடாது என்று கென்யாவில் விதி இருக்கிறது. கலந்தவர்கள் ஒழுங்குத் தீர்ப்பாயத்தின் முன் நிற்கிறார்கள். நமக்கு அந்த விதி புதிதல்ல. அதன் பெயர் அமானிதம். வாய்தாவுக்கு நேரத்தில் போவது, தோற்கும் வழக்கைத் தோற்கும் என்று சொல்வது, வாங்கிய காகிதத்தைப் பத்திரமாகத் திருப்பித் தருவது. கடைத்தெரு இவற்றைக் கவனித்துக் கொண்டே இருக்கும். ஒரு முறை கெட்ட பெயரை எந்த விளம்பரமும் கழுவாது.

முடிவாக, ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ஜூனியராக நிற்கும் ஒரு பிள்ளையின் முதல் இரண்டு ஆண்டுச் செலவைப் பொறுப்பேற்கட்டும். ஒவ்வொரு வணிகரும் இந்த ஆண்டு தன் ஒரு பத்திரத்தையாவது ஒரு இளம் வழக்கறிஞரிடம் கொடுத்து, ஃபீஸை அன்றே கொடுக்கட்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுங்கள் என்று அல்பகரா அத்தியாயத்தின் மிக நீண்ட வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுதுகிறவரை வளர்ப்பதும் அந்தக் கட்டளையின் ஒரு பகுதிதான்.

வீட்டில் தீப்பற்றிய பிறகு கிணறு வெட்டுகிற சமுதாயமாக நாம் இருக்க வேண்டாம். இன்றே வெட்டுவோம். தண்ணீர் ஊற நாளாகும், பொறுத்திருப்போம்.

நீதியின் பக்கம் நிற்கும் நாவையும், நிற்பவரைத் தாங்கும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும்.