விடத் தெரிந்தால் ஓட்டத் தெரியும்



புதுக் கார் ஓட்டப் பழகுகிறவருக்கு முதலில் வேண்டியது துணிச்சலா, நிதானமா? இதுதான் தலைப்பு. துணிச்சலே என்று நண்பர் முழங்கிவிட்டுப் போனார். ஐயா, துணிச்சல் வலது காலின் சங்கதி. ஆக்சிலேட்டரை மிதிக்க யாருக்குத் தெரியாது? வண்டி கிளம்புவது இடது காலில் அல்லவா இருக்கிறது! அங்கேதானே கிளட்ச் இருக்கிறது!

கிளட்ச் என்ன செய்கிறது? என்ஜின் சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது. ஓடுகிறதையும் நிற்கிறதையும் சேர்த்து வைக்கணும். பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும், விட்டால் சேரும். சட்டென்று விட்டால் நிற்கிற சக்கரம் ஓடுகிற என்ஜினையும் நிறுத்திவிடும். மெதுவாக விட்டால் கிளட்ச் தட்டு முதலில் வழுக்கும், அப்புறம் உரசும், அப்புறம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். புதுமணத் தம்பதி மாதிரி! முதல் நாளே ஒத்துப்போகணும்னா எப்படிங்க? (சிரிப்பு)

வில்லியனூர்ப் பக்கம் ஒரு ஆசிரியை. ஓய்வுபெற்ற பணத்தில் சின்னக் கார் வாங்கினார். டிரைவிங் ஸ்கூலில் நன்றாகத்தான் ஓட்டினார், லைசென்சும் எடுத்தார். ஆனால் அந்த வண்டியில் கிளட்ச் பிடிக்கிற இடம் வேறே. புது வண்டியில் வேறே. கடைத்தெருவில் மூன்று தடவை அணைந்துபோனது. பின்னால் ஹாரன், டீக்கடையில் சிரிப்பு. பக்கத்தில் இருந்த கணவர் "விடு, விடு" என்றார், விட்டதும் "ஏன் விட்டே?" என்றார். (சிரிப்பு) "வேண்டாங்க, சாவியை நீங்களே வெச்சுக்குங்க" என்று இறங்கிவிட்டார் அந்த அம்மா. முப்பது வருஷம் வகுப்பறையைக் கட்டி ஆண்டவருக்கா துணிச்சல் இல்லை?

அவரை மீட்டவர் மாமனார். பாகூர் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்தவர். கார் ஓட்டத் தெரியாதவர். "ஏம்மா, மதகை ஒரேயடியாத் தூக்கினா வாய்க்கால் கரை தாங்குமா? கொஞ்சம் தூக்கணும், தண்ணி வர்றதைப் பாக்கணும், அப்புறம் தூக்கணும். உன் வண்டியில மதகு எங்க திறக்குதுன்னு பாரு" என்றார்.

மறுநாள் காலை, ஆளில்லாத மைதானம். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. கிளட்சை முழுக்க மிதித்து, முதல் கியர் போட்டு, மெல்ல மெல்ல விட்டார். ஓரிடத்தில் என்ஜின் சத்தம் கம்மியது, வண்டி லேசாக அதிர்ந்தது. அதுதான் மதகு! அங்கேயே காலை நிறுத்தினார்; வண்டி எறும்பு மாதிரி ஊர்ந்தது. திரும்பத் திரும்பச் செய்தார். ஒரே வாரத்தில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். (கைதட்டல்)

ஒன்று மட்டும் சொல்கிறேன். வண்டி ஓடத் தொடங்கியதும் இடது காலை எடுத்துவிடுங்கள். எந்நேரமும் அரைக் கிளட்சில் ஓட்டினால் தட்டு தேயும், கருகல் வாசனை வரும். பிடிக்கவும் தெரியணும், விடவும் தெரியணும்!

எதிரணித் தலைவர், "கிளட்ச் பெடலே இல்லாத கார் வந்துவிட்டதே" என்று கேட்டார். உண்மை. 1983-இல் வந்து எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களுக்கு முதல் காராக இருந்த மாருதி 800-இன் உற்பத்தி 2014-இல் நின்றது. அதே ஆண்டில்தான் கிளட்ச் பெடல் இல்லாத செலேரியோ வந்தது. ஆனால் ஐயா, அதிலே போனது பெடல்தான். கிளட்ச் உள்ளேயே இருக்கிறது! அதை மெதுவாக விடுவதற்கு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். எந்திரத்துக்கும் நிதானத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்! (கைதட்டல்)

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரைப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வடம் பிடித்தார். கவர்னர் இழுத்தாலும் சரி, ஆயிரம் பேர் இழுத்தாலும் சரி, முட்டுக்கட்டை போடுகிறவர் நிதானமாக இல்லையென்றால் தேர் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடும்!

ஆகவே, பக்கத்துச் சீட்டில் உட்காருகிற கணவன்மார்களே, பிள்ளைகளே, வண்டி அணைந்தால் சிரிக்காதீர்கள். "மறுபடி ஸ்டார்ட் பண்ணும்மா" என்று மட்டும் சொல்லுங்கள். துணிச்சல் தானாக வரும். நிதானமே என்று தீர்ப்பளியுங்கள் நடுவர் அவர்களே!