தலைமடை, கடைமடை, நடுவில் ஒரு ரிலே



தலைமடையில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்றால் ஊரில் என்ன சொல்வார்கள்? நடுவில் எங்கோ கரை உடைந்திருக்கிறது, இல்லை யாரோ வாய்க்காலை வெட்டிவிட்டார்கள் என்பார்கள். அதைத் தெரிந்துகொள்ள வாய்க்கால் நெடுக நடக்க வேண்டியதில்லை. இரண்டு முனையிலும் அளந்தாலே போதும். உயர் அழுத்த மின்பாதைகளுக்குக் காவல் இருக்கும் டிஃபரன்ஷியல் ரிலே செய்வதும் இந்த வேலையைத்தான். இந்த முனையில் நுழையும் மின்னோட்டத்திலிருந்து அந்த முனையில் வெளியேறுவதைக் கழித்துப் பார்க்கும். பெரிய மிச்சம் வந்தால், மரம் சாய்ந்தோ கம்பி அறுந்தோ மின்சாரம் வழியிலேயே போகிறது என்று பொருள். கண் இமைப்பதற்குள் இரண்டு முனை பிரேக்கர்களையும் திறக்கச் சொல்லிவிடும்.

யோசனை புதிதல்ல. இங்கிலாந்தின் நியூகாசில் பக்கம் மின்சாரம் பரப்பிக்கொண்டிருந்த சார்லஸ் மெர்ஸும் பெர்னார்ட் பிரைஸும் 1904-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். அன்று இரண்டு முனைகளும் செம்புக் கம்பி வழியாகப் பேசிக்கொண்டன. இன்று கோபுர உச்சியில் ஓடும் எர்த் வயருக்குள் பதித்த கண்ணாடி இழை வழியாகப் பேசுகின்றன.

ஒரு முனையில் மட்டும் நின்று பார்க்கும் காவலாளிக்குச் சில சமயம் கண் மயங்கும். 2012 ஜூலை 30 அதிகாலை வட இந்திய மின்தொகுப்பு சரிந்ததே, அதன் தொடக்கம் பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை. அங்கே பழுது எதுவும் இல்லை. அளவுக்கு மீறிய லோடை, ஒரு முனையில் மட்டும் அளக்கும் தொலைவு ரிலே பழுதென்று நினைத்துப் பாதையைத் துண்டித்தது. இரண்டு முனையையும் பார்க்கிற ரிலேக்கு அந்த மயக்கம் வராது. எவ்வளவு லோடு ஓடினாலும் நுழைந்தது வெளியே வந்துவிடுகிறதே!

அப்படியானால் செட்டிங் போடுவதில் என்ன சிரமம்? கழித்தல் கணக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மிச்சம் ஒருநாளும் சுத்தமாகச் சுழியாக வருவதில்லை. எவ்வளவு வரை பொறுப்பது என்பதுதான் பொறியாளரின் தலைவலி.

முதலில் அளக்கும் படி. ஆயிரம் ஆம்பியரை ரிலேக்குள் நேராக விட முடியாது. சி.டி. என்று சுருக்கிச் சொல்லப்படும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் அதை 1 ஆம்பியராகவோ 5 ஆம்பியராகவோ குறைத்துத் தரும். ஒரு முனையில் 1000-க்கு 1, மறுமுனையில் 800-க்கு 1 என்று இருப்பதும் உண்டு. ஒருவர் மரக்காலிலும் மற்றவர் படியிலும் அளக்கும் கதை. ரிலேயிடம் அதைச் சொல்லிவைக்க வேண்டும்.

இந்த 1, 5 எல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றும். 2003 ஆகஸ்ட் 28 மாலை தென் லண்டனில் நடந்ததைக் கேளுங்கள். ஓர் எச்சரிக்கை மணி காரணமாக ஒரு துணைமின் நிலையத்தின் டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தினார்கள். லோடு விம்பிள்டன்–நியூ கிராஸ் பாதைக்கு மாறியது. அது தாங்கக்கூடிய லோடுதான். ஆனால் அங்கிருந்த ஒரு ரிலே பழுதென்று எண்ணித் துண்டித்தது. பிறகு பார்த்தால், 5 ஆம்பியர் ரிலே இருக்க வேண்டிய இடத்தில் 1 ஆம்பியர் ரிலே! டிஃபரன்ஷியல் வகை அல்ல, பின்காவலுக்கு வைத்த ஓவர்கரன்ட் ரிலே. வகை எதுவானால் என்ன, 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இருட்டில் இருந்தார்கள். அலுவலகம் விட்டு வீடு திரும்பும் நேரத்தில் சுரங்க ரயில்கள் நின்றன.

அடுத்தது, மண் குடிக்கும் தண்ணீர். மின்பாதைக்கும் அப்படியொரு தாகம் உண்டு. சார்ஜிங் கரன்ட் என்பார்கள். 400 கிலோவோல்ட் மேல்நிலைப் பாதை கிலோமீட்டருக்கு ஓர் ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாகக் குடிக்கும். 100 கிலோமீட்டருக்கு 75, 80 ஆம்பியர். நிலத்தடிக் கேபிள் என்றால் இன்னும் பல மடங்கு. ஆகவே 1000 ஆம்பியர் சி.டி. உள்ள பாதையில், 200 ஆம்பியர் வரை மிச்சம் வந்தாலும் பேசாமல் இரு என்பார்கள். அதோடு, ஓடும் லோடில் 30 சதவீதத்தையும் சேர்த்துப் பொறுத்துக்கொள் என்பார்கள். வெளியே எங்கோ பெரிய பழுது நேர்ந்து பல ஆயிரம் ஆம்பியர் பாயும்போது சி.டி.க்கே தலை சுற்றும். அந்த உயரத்தில் சலுகை இன்னும் செங்குத்தாக ஏறும்.

ஆனாலும் பொல்லாதது நேரம்தான். காலையில் தலைமடையில் அளந்ததை மாலையில் கடைமடையில் அளந்ததோடு ஒப்பிட்டால் கணக்கு என்னாவது? ரிலேக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி, போய்வர ஆன நேரத்தைப் பாதியாக்கி, கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கின்றன. போக 3 மில்லி விநாடி, வர 7 மில்லி விநாடி என்று தகவல்பாதை மாறிப்போனால்? பாதி 5. அதாவது 2 மில்லி விநாடி பிசகு. 50 ஹெர்ட்ஸில் அது 36 டிகிரி. 1000 ஆம்பியர் ஓடும் நல்ல பாதையில் 618 ஆம்பியர் மிச்சம் தெரியும். பொறுக்கும் எல்லையோ 200-ம் 300-ம் சேர்ந்து 500. கரை உடையாமலே மடை அடைக்கப்படும். அதனால்தான் அனுபவசாலிகள் செட்டிங் போடுவதற்கு முன்பே தகவல்தொடர்புப் பிரிவினரிடம் போய் நிற்கிறார்கள்: போவதும் வருவதும் ஒரே வழியில் இருக்கட்டும், முடியாவிட்டால் ஜி.பி.எஸ். கடிகாரம் கொடுங்கள்.

கடைசியில் பாதையில் லோடு ஏற்றிப் பார்க்கும் நாள். பிரேக்கரைத் திறக்கும் டிரிப் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இரு முனைப் பொறியாளர்களும் ஃபோனில் எண்களைப் படிப்பார்கள்.

“சார், இங்கே 402.”

“இங்கே 400. மிச்சம் எவ்வளவு காட்டுது?”

402-இல் 400 போனால் 2 தானே என்று தோன்றும். ஆனால் ரிலே கழிப்பது அலைகளை, வெறும் அளவுகளை அல்ல. 75 என்றால் நிம்மதி. அது பாதை குடித்தது. 800 என்றால் ஒரு முனையில் சி.டி. வயர்கள் இடம் மாறிப் பூட்டப்பட்டிருக்கின்றன. கழிக்க வேண்டியதை ரிலே கூட்டிக்கொண்டிருக்கிறது. உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடக் கூடாது. மின்னோட்டம் ஓடும்போது சி.டி.யின் வயரைக் கழற்றினால் அதன் முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். பாதையை நிறுத்திவிட்டுத்தான் அந்த இரண்டு வயர்களை மாற்ற வேண்டும்.