தாளில் இருக்கும்போதே பேசுவோம்



ஒரு தோட்டம் வீடமைப்புப் பகுதியாகவோ தொழிற்பேட்டையாகவோ மாறப்போகிறது என்பதை நம் மக்களுள் பலர் எப்போது அறிகின்றனர்? பால்மரங்களைச் சாய்க்க இயந்திரம் வந்து நிற்கும்போதுதான். அன்று பேசத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். நிலத்தின் பயன், மரம் சாயும் நாளில் முடிவு செய்யப்படுவதன்று. அதற்கு வெகு முன்பே ஒரு வரைபடத்தில் முடிவு செய்யப்படுகிறது. அவ்வரைபடம் பற்றிக் கருத்துரைக்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. அதனை எடுத்துரைக்கவே இன்று விழைகிறோம்.

தீபகற்ப மலேசியாவில் இவ்வுரிமைக்கு அடிப்படை, 1976-ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டமாகும். அது மக்கள் கருத்துரைக்க இரு வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது.

முதலாவது, தனித்தனிக் கட்டுமான விண்ணப்பம் பற்றியது. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் மேம்பாட்டுக்கு விண்ணப்பித்தால், ஊராட்சி மன்றம் அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். அறிவிப்பு கிடைத்த 21 நாள்களுக்குள் அவர்கள் காரணங்காட்டி ஆட்சேபிக்கலாம். ஒட்டியிருக்கும் நிலமும், 20 மீட்டருக்கு மேற்படாத சாலை அல்லது கால்வாய்க்கு அப்பாலுள்ள நிலமும் அண்டை நிலமாகக் கருதப்படும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அறிவிப்பு, நிலத்தின் உரிமையாளருக்கே வரும். அருகிலுள்ள தாமானில் சொந்த வீடு வாங்கியவருக்கு இவ்வாயில் திறந்திருக்கும். லயத்து வீட்டில் குடியிருப்பவர் முப்பது ஆண்டு அங்கே வாழ்ந்திருந்தாலும், அக்கடிதம் அவர் கைக்கு வாராது. தோட்ட நிருவாகத்திற்கே செல்லும்.

ஆதலின் தோட்ட மக்களுக்கு உரிய வாயில் இரண்டாவதே. மலாயில் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' எனப்படும் உள்ளூர்த் திட்டம் தயாரிக்கப்படும்போது, அதன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. நாளிதழ்களில் அறிவிப்பு வரும். ஆட்சேபம் தெரிவிக்க நான்கு வாரங்களுக்குக் குறையாத அவகாசம் அளிக்கப்படும். இங்கே நிலப்பட்டா கேட்கப்படுவதில்லை. உரிமையாளரும் எழுதலாம், குடியிருப்பவரும் எழுதலாம். திட்டம் அரசிதழில் வெளியானபின், அதன் விதிகளுக்கு முரணான மேம்பாட்டுக்கு ஊராட்சி மன்றம் அனுமதி வழங்கலாகாது. அத்திட்டத்தில் உங்கள் கோயிலும், தமிழ்ப்பள்ளியும், இடுகாடும் உரிய பயனுடன் குறிக்கப்பட்டிருந்தால் அதுவே அவற்றுக்குக் காப்பு. விடுபட்டிருந்தால், பின்னர் வாதாடுவது கடினம்.

காலந்தாழ்ந்த வழக்கு எவ்வளவு நீளும் என்பதற்குத் தலைநகரில் ஒரு சான்று உண்டு. கோலாலம்பூரில் 1982-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் நடப்பிலுள்ளது. அங்கே தாமான் ரிம்பா கியாரா எனும் பொதுப் பூங்காவில் உயர்மாடி வீடுகள் கட்ட 2017-இல் அனுமதி வழங்கப்பட்டது. அக்கம்பக்கத்தார் வழக்காடினர். 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வனுமதியை இரத்துச் செய்தது. 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. அப்பூங்காவின் அருகே, பழைய புக்கிட் கியாரா தோட்டப் பாட்டாளிகளின் குடும்பங்கள் நிரந்தர வீட்டை எதிர்நோக்கி 1980-களிலிருந்து தற்காலிக நீண்ட வீடுகளில் வாழ்ந்து வந்தன. கைவிடப்பட்ட அந்தத் திட்டத்தில் அவர்களுக்கான வீடுகளும் அடங்கியிருந்தன. பூங்காவைக் காக்க எண்ணியோரும் சரி, வீட்டுக்குக் காத்திருந்தோரும் சரி, இரு தரப்பினரும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. தொடக்கத்திலேயே எல்லார் தேவையும் வரைபடத்தில் இடம்பெறுவதன் அருமை இதனால் விளங்கும்.

இனி, கடிதம் எழுதும் முறை. தேசிய மொழியில் சுருக்கமாக எழுதுங்கள். பள்ளி ஆசிரியரோ படித்த இளைஞரோ துணைபுரியலாம். பெயர், முகவரி, வரைவுத் திட்டத்தின் பெயர், இடத்தின் லாட் எண் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். பின்னர் குறையையும் காரணத்தையும் கூறுங்கள். "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பது காரணமாகாது. "மழை நீர் வடியும் கால்வாய் இதனால் அடைபடும்", "பள்ளிப் பிள்ளைகள் கனவுந்துச் சாலையைக் கடக்க நேரிடும்" என்பன காரணங்கள். இறுதியில், என்ன மாற்றம் வேண்டுமென்று தெளிவாகக் கேளுங்கள். விசாரணைக் குழுமுன் நேரில் பேச விரும்பினால் அதனையும் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். ஒரு படியை வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கான சாப்பை அதில் பெற்றுவிடுங்கள்.

எழுதிய யாவும் ஏற்கப்படும் என்று நாம் உறுதி கூறவில்லை. ஆயினும், எழுதாத குறை எவர் மேசைக்கும் செல்வதில்லை. வேலை நிறுத்தப்படுவோருக்கான சலுகைத் தொகை இதனின் வேறானது. அது 1980-ஆம் ஆண்டின் தொழில் விதிமுறைகளைச் சார்ந்தது. அதற்குத் தொழிற்சங்கத்தையும் தொழிலாளர் இலாகாவையும் நாடுங்கள்.

பெருமக்களே, தோட்டத்திற்கு இருவர் மூவராக ஒரு சிறு குழு அமையுங்கள். மாவட்ட மன்றத்திற்கோ நகராண்மைக் கழகத்திற்கோ சென்று, உள்ளூர்த் திட்ட வரைபடத்தைக் காட்டுமாறு கேளுங்கள். உங்கள் தோட்டம் எந்த நிறத்தில் இருக்கிறது, அந்நிறத்தின் பொருள் என்ன, அத்திட்டம் மீண்டும் எப்போது சீராய்வுக்கு வரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை பெற்று வாருங்கள். அவ்விடையைக் கோயில் கூட்டத்திலும் பிரட்டுக்களத்திலும் எல்லாரும் அறியச் சொல்லுங்கள்.