காணொளியில் காணும் கேளிக்கைப் பூங்கா



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "அப்பா, இந்த முறை கெந்திங் மலைக்குப் போகலாமா, லெகோலேண்டுக்குப் போகலாமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். முன்பெல்லாம் போய்வந்த அண்டை வீட்டார் சொல்லக் கேட்டு இந்த ஆசை பிறக்கும். இன்று கைத்தொலைபேசியில் வரும் காணொளியைப் பார்த்துப் பிறக்கிறது. கேளிக்கைப் பூங்காவுக்குள் காமிராவோடு நுழைந்து, அங்குள்ள விளையாட்டுகளையும் உணவையும் கடைகளையும் ஒன்றுவிடாமல் படம்பிடித்துக் காட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். இவர்களைக் காணொளிப் பதிவாளர்கள் என்கிறோம். இவர்கள் சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதே இன்றைய நம் பேச்சு.

யூடியூப் என்னும் காணொளித் தளம் 2005-ஆம் ஆண்டில் தோன்றியது. அதில் முதன்முதலாக ஏற்றப்பட்ட காணொளி எது தெரியுமா? தளத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஜாவேத் கரீம், அமெரிக்காவின் சான் டியாகோ மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று பேசிய காட்சிதான். 2005 ஏப்ரல் 23-ஆம் நாள் ஏற்றப்பட்ட அது, இருபது விநாடிகூட ஓடவில்லை. ஆக, ஒருவர் ஓர் இடத்தைச் சுற்றிப் பார்ப்பதை மற்றவர் பார்ப்பது என்ற பழக்கம் அந்தத் தளம் பிறந்த நாளிலேயே வந்துவிட்டது. இன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள டிஸ்னி பூங்காக்களைப் படம்பிடிப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

இவர்கள் சொல்வதை மக்கள் ஏன் இவ்வளவு நம்புகிறார்கள்? இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. 1956-ஆம் ஆண்டில் டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வானொலி, தொலைக்காட்சி ரசிகர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நாள்தோறும் ஒருவர் குரலைக் கேட்டும் முகத்தைப் பார்த்தும் வந்தால், அவர் நமக்கு நெருங்கிய நண்பர் போன்ற உணர்வு உண்டாகிறது. ஆனால் அவருக்கோ நம்மைத் தெரியாது என்று அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். வானொலியில் பேசும் எனக்கும் கேட்கும் உங்களுக்கும் இது பொருந்தும். காணொளிப் பதிவாளருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். அவர் சாப்பிடுவதைப் பார்க்கிறோம். அவர் பிள்ளைகள் சிரிப்பதைப் பார்க்கிறோம். நம் வீட்டு உறவினர் சொல்வதுபோல் அவர் சொல்வதும் மனத்தில் பதிந்துவிடுகிறது.

இதனால் நன்மை இல்லாமல் இல்லை. பூங்காவைப் பார்த்தே அறியாத ஒரு குடும்பத்துக்கு நல்ல காணொளி ஒரு வழிகாட்டி. வாயில் எங்கே, கழிப்பறை எங்கே, வெயிலுக்கு ஒதுங்க நிழல் உண்டா, முழங்கால் வலியுள்ள பாட்டி எவ்வளவு தூரம் நடக்கவேண்டியிருக்கும் என்பதையெல்லாம் வீட்டிலிருந்தே அறிந்துகொள்ளலாம். வாயில் திறக்கும் முன்பே போய் நின்று, கூட்டம் அதிகம் சேரும் விளையாட்டுக்கு முதலில் செல்லவேண்டும் என்பது இவர்கள் பரப்பிய நல்ல யோசனை. ஆனால் ஒரே யோசனையை ஆயிரம் பேர் கேட்டால், அந்த ஆயிரம் பேரும் காலையில் ஒரே வரிசையில்தானே வந்து நிற்பார்கள்? அதையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, இவர்களுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். காணொளிக்கு நடுவே வரும் விளம்பரங்களிலிருந்து வருகிறது. நீண்ட காணொளிகளில் கிடைக்கும் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காட்டை யூடியூப் பதிவாளருக்குக் கொடுக்கிறது. பார்ப்பவர் பெருகினால் வருமானமும் பெருகும். இது தவறான தொழில் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் சில வேளைகளில் பூங்கா நிறுவனமே பதிவாளரை விருந்தினராக அழைத்து, இலவசமாகச் சுற்றிக்காட்டும். விருந்துக்குப் போனவர் சமையலைக் குறைகூறத் தயங்குவது இயல்புதானே? இலவசமாகப் பெற்றதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று அமெரிக்காவில் அரசாங்க விதியே இருக்கிறது.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 'ஸ்டார் வார்ஸ்' படக்கதையை ஒட்டி, விண்வெளிக் கப்பல் போன்ற ஒரு விடுதியை டிஸ்னி நிறுவனம் புளோரிடாவில் கட்டியது. 'கேலக்டிக் ஸ்டார்குரூசர்' என்பது அதன் பெயர். 2022 மார்ச் முதல் நாள் திறக்கப்பட்டது. இரண்டு இரவு தங்க, இருவருக்குக் கட்டணம் 4,800 டாலருக்கு மேல். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 20,000 வெள்ளி. திறப்பதற்கு முன்பே செய்தியாளர்களையும் காணொளிப் பதிவாளர்களையும் நிறுவனம் அழைத்துக் காட்டியது. ஆனால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில், 2023 செப்டம்பர் இறுதியில், விடுதி மூடப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஜென்னி நிக்கல்சன் என்னும் பதிவாளர் அதைப் பற்றி நான்கு மணி நேரக் காணொளி ஒன்றை வெளியிட்டார். அவர் தம் சொந்தப் பணத்தைக் கட்டித் தங்கியவர். இரவு விருந்தில் தமக்குக் கிடைத்த இடம் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்ததால் நிகழ்ச்சி மறைந்துபோனதை அவர் காட்டினார். கோடிக்கணக்கில் பணம் புரளும் நிறுவனத்தைப் பற்றித் தனி ஒருவர் பேசியதைப் பல இலட்சம் பேர் பார்த்தார்கள். அழைக்கப்பட்டுப் போனவர் கண்ணில் படாத தூண், பணம் கட்டியவர் கண்ணில் பட்டது.

சரி, நேயர்களே, இனி நம் கதைக்கு வருவோம். ஒரு காணொளியைப் பார்த்துப் பயணம் முடிவு செய்யுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, யார் பணத்தில் போனார்? இலவசமாகப் போனவர் என்றால், அவர் புகழ்ச்சியில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எப்போது எடுத்தது? காணொளி பழையதானாலும் புதியது போலவே தெரியும். ஈப்போவில் 2017-இல் திறந்த 'மூவி அனிமேஷன் பார்க் ஸ்டுடியோஸ்' என்னும் பூங்கா 2020 ஜனவரியில் மூடப்பட்டது. திறந்த புதிதில் எடுத்த படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேருந்து பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டணமும் அப்படித்தான். ஆண்டுக்கு ஆண்டு மாறும். பூங்காவின் சொந்த அறிவிப்பைப் பார்க்கவேண்டும். அல்லது தொலைபேசியில் கேட்கவேண்டும்.

மூன்றாவது, எதை வெட்டிவிட்டார்? பத்து நிமிடக் காணொளியில் ஐந்து விளையாட்டுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் வரிசையில் நின்ற நேரம் வராது. பதிவாளர் பெரும்பாலும் கூட்டம் குறைந்த வார நாளில் போவார். நமக்கோ பள்ளி விடுமுறையில்தான் போகமுடியும். மழையும் இடியும் வந்தால் திறந்தவெளி விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். கெந்திங் மலையில் 2022-இல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்கா, மேகம் தவழும் உயரத்தில் இருக்கிறது. வெயில் அடித்த நாளில் எடுத்த படத்தை நம்பி, குளிராடையும் குடையும் இல்லாமல் போய்விடக்கூடாது.

நான்காவது, நம் பிள்ளைக்கு இது பொருந்துமா? விரைந்தோடும் விளையாட்டுகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோவில் 'மம்மி' ரோலர் கோஸ்டருக்கு 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஜோகூர் பக்கத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, எல்லையைக் கடந்து, வரிசையிலும் நின்று, கடைசியில் "உயரம் போதாது" என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பிஞ்சு மனம் என்ன பாடுபடும்! புறப்படுமுன் வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்து பாருங்கள்.

இப்போது செலவுக் கணக்கு. 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. நுழைவுச்சீட்டு ஒன்று 150 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஐவர் உள்ள குடும்பத்துக்கு 750 வெள்ளி. போக்குவரத்து, பகல் உணவு, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் 1,000 வெள்ளியைத் தாண்டிவிடும். இது ஒருவருடைய மாதச் சம்பளத்தில் பாதிக்கும் மேல். சிங்கப்பூருக்குப் போவதானால், அங்குள்ள ஒரு வெள்ளிக்கு நம் பணம் மூன்று வெள்ளிக்கு மேல் கொடுக்கவேண்டும் என்பதையும் மறக்கலாகாது. காணொளியில் பதிவாளர் வாங்கும் தொப்பியும் பொம்மையும் இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான்.

அதற்காகப் பிள்ளைகளின் ஆசையை அடக்கிவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். ஆண்டு முழுதும் உழைக்கும் பெற்றோருக்கும் ஒரு நாள் சிரிப்பு வேண்டும். நம் நாட்டுப் பூங்காக்கள் சிலவற்றில் மைகார்டு காட்டும் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு. வெளிநாட்டுப் பதிவாளருக்கு இது தெரிந்திருக்காது. தோட்டத்தில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் எடுத்தால் போக்குவரத்துச் செலவு குறையும். மாதம் ஐம்பது வெள்ளி தனியாக எடுத்துவைத்தால் ஆண்டு முடிவில் 600 வெள்ளி சேர்ந்திருக்கும்.

இன்னொன்றும் செய்யலாம். பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு காணொளியைப் பாருங்கள். படிக்கத் தெரிந்த மூத்த பிள்ளையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். எடுத்த தேதி, யார் கட்டிய பணம், உயரம், இன்றைய கட்டணம் ஆகிய நான்கையும் தேடி எழுதச் சொல்லுங்கள். கணக்கைப் பிள்ளையே போட்டுப் பார்க்கட்டும். "இந்த ஆண்டு வேண்டாம் அப்பா, அடுத்த ஆண்டு தம்பியும் வளர்ந்துவிடுவான், அப்போது போகலாம்" என்று பிள்ளையே சொன்னால், அந்தக் காணொளி உங்கள் வீட்டுக்கு நல்ல பாடத்தையே தந்திருக்கிறது என்று பொருள்.